ஆடிக்கு வந்த சித்தி

சித்தி வருவதற்கு முன்னால் அவளுடைய சாவி வளையத்தின் சத்தம் வந்துவிடும். ஒரு வளையம், இரண்டு சாவிகள், அவ்வளவுதான். இரண்டும் ஒரே பீரோவின் சாவிகள். ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று கடைக்காரர் கொடுத்ததை அப்படியே ஒரே வளையத்தில் விட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். திண்டிவனத்தில் தெருக்குழாயடியில் குடத்தோடு நிற்கும்போதும், மாமாவின் மல்லாட்டை மில்லில் பெண்களோடு உட்கார்ந்து விதைக்கான வேர்க்கடலையைக் கையால் உடைக்கும்போதும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பீரோவோ விழுப்புரத்தில் இருந்தது. பூட்டிய பீரோ ஓர் ஊரில், அதைத் திறக்கும் சாவி இரண்டும் இன்னோர் ஊரில். நடுவில் பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை இரண்டு குடும்பங்கள் மூன்று வருஷம் கடக்காமல் பார்த்துக்கொண்டன. இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. எனக்கும் அவளுக்கும் ஏழெட்டு வயதுதான் வித்தியாசம். தாத்தா காலமான பிறகு அம்மாவுக்கு அண்ணனான மாமாதான் வீட்டுக்குப் பெரியவர். மல்லாட்டை உடைக்கும் மில் வைத்திருந்தார். தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் என்று பிரித்துத் தள்ளும் மிஷினின் இரைச்சலில் நாள் முழுக்கக் கத்திப் பேசிப் பழகியவர், வீட்டிலும் அப்படித்தான் பேசுவார். நாங்கள் அதே தெருவில் குடியிருந்தோம். நான் அப்போது லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்திருந்தேன். வைகாசியில் சித்திக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு விழுப்புரத்தில், ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் கடை. அதிகம் பேசாத மனிதர். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, சொன்னது சரிதானா என்று சித்தியைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையை வைத்தே நாங்கள் அவளைக் கிண்டல் செய்துகொண்டிருந்தோம்.

ஆடி பிறந்ததும் மாமா சீர் எடுத்துக்கொண்டு போய் இரண்டு பேரையும் அழைத்து வந்தார். தேங்காய்ப்பால், பாயசம், வடை எல்லாம் ஆயிற்று. வாசலில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தோம். மறுநாள் சித்தப்பா மட்டும் கிளம்பினார், சித்தி தங்கிவிட்டாள். ஊர் உலகத்தில் நடப்பதுதான். ஒரு மாசத்துக்கு நாலு புடவை போதும் என்று நாலே புடவையோடு வந்திருந்தாள். மீதி எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்து வந்துவிட்டாள். அந்த மாசம் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள். பக்கத்துக் கடைக்குப் போன் வந்தால் செருப்புக்கூடப் போடாமல் ஓடுவாள். திரும்பி வந்து, “பதினெட்டுக்கு வர முடியலையாம், கடையில வேலையாம்,” என்று சலித்துக்கொள்வாள். அதுதான் அந்த வீட்டில் அப்போதைக்கு இருந்த பெரிய பிரிவு.

ஆவணி பிறந்தது. மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஸ்வீட் வாங்கி வைத்திருந்தது. யாரும் வரவில்லை. அடுத்த முகூர்த்த நாளிலும் வரவில்லை. “பொண்ணக் கட்டிக்கினு போனவங்களுக்கு வந்து கூப்புட்டுக்கினு போவணும்னு தெரியாதா?” என்று மாமா முதலில் அம்மாவிடம்தான் கேட்டார். பிறகு தெருவில் கேட்டார். பிறகு மில்லுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். விழுப்புரத்துக்கு ஒரே ஒரு போன் செய்து கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அதைத்தான் அவர் செய்யவில்லை. போனில் சித்தப்பா, “நீ பஸ் ஏறி வந்துடேன்,” என்றாராம். “நீங்க வந்து அழைச்சிக்கினு போங்க,” என்றாளாம் இவள். அப்புறம் ஒரு நாள் அவளே துணிந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மாமா மேம்பாலம் வரை சைக்கிளில் துரத்திப் போய் மறித்தார். “தானா ஓடியாந்தவன்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க. அந்தப் பேரு உனக்கு வோணுமா?” திரும்பி வந்தவள் பையைப் பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா பைக்கில் வந்து இறங்கினார். தனியாக வந்தார். கையில் ஜாங்கிரிப் பொட்டலம் இருந்தது. சட்டையை அயர்ன் செய்து போட்டிருந்தார். எதற்கு வந்திருக்கிறார் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். சித்தி உள்ளே ஓடிப் போய்ப் புடவை மாற்றினாள். கட்டிலடியிலிருந்து பையை இழுத்தாள். வெளியே மாமா நாற்காலியைப் போட்டு உட்கார வைத்துவிட்டுக் கேட்டார், “பெரியவங்க யாரும் வரலையா மாப்ள?”

“அம்மாவுக்கு முட்டி வலிங்க மச்சான். பஸ்ல ஒக்காந்து வர முடியல.”

“செரியாவட்டும். நல்லானதும் வரச் சொல்லுங்க.”

சித்தப்பா டீயைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடுவதுபோல் உள் வாசலைப் பார்த்தார். கதவுக்கு இந்தப் பக்கம் சித்தி பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கால் மாற்றி நின்றபோது சாவி குலுங்கியது. அவருக்கு அது கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் சட்டென்று எழுந்து, “பீரோவுல…” என்று ஆரம்பித்தார். “என்னா மாப்ள?” என்றார் மாமா. “ஒண்ணும் இல்லிங்க மச்சான்,” என்று சொல்லிவிட்டுப் போய் பைக்கை உதைத்தார். அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு, “கூப்புட வந்தவர எதுக்குண்ணா பேசி அனுப்புன?” என்று முணுமுணுத்தாள். மாமாவுக்குக் கேட்கிற மாதிரி சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சரியான பேச்சுகள் எல்லாம் அடுப்படியிலேயே பேசப்பட்டு அடுப்படியிலேயே முடிந்துவிடும்.

தலைதீபாவளிக்குக் கூப்பிட வேண்டியது நம் கடமையாயிற்றே என்று அம்மா கேட்டதற்கு, “பொண்ணையே கூப்புட வராதவங்கள தீவாளிக்கு எப்பிடிக் கூப்புடறது?” என்றார் மாமா. தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. அந்த மாசங்களில் தெருவில் பேச்சு மாறியதை நான் கவனித்திருக்கிறேன். முதலில் “ஆடிக்கு வந்திருக்கா” என்றார்கள். பிறகு வெறுமனே “வந்திருக்கா” என்றார்கள். பிறகு “இங்கதான் இருக்கா.” அதற்கும் பிறகு ஒரு நாள் குழாயடியில் யாரோ ஒருத்தி இன்னொருத்தியிடம், “பிரிஞ்சி இருக்காங்க போல,” என்றாள். யாரும் எதையும் செய்யவில்லை. சண்டை இல்லை, அடிதடி இல்லை, குடி இல்லை, ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்தச் சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. வந்த பிறகு எழுந்து போகவும் இல்லை.

அடுத்த ஆடியும் தாண்டிய பிறகு மக்கள் தொகைக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் மாமா வீட்டுக்கு வந்தார். வீட்டில் இருப்பவர்களின் பெயர், வயது எல்லாம் கேட்டுக்கொண்டே வந்து சித்தியிடம் நின்றார். “இவங்க?” என்றார். “ஆடிக்கு வந்திருக்கா,” என்றாள் அம்மா. டீச்சர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு, “எந்த ஆடிம்மா?” என்றார். அவர் கேலியாகக் கேட்கவில்லை, எழுதத்தான் கேட்டார். கல்யாணமானவர், விதவை, விவாகரத்தானவர், பிரிந்து வாழ்பவர் என்று அவரிடம் தனித்தனிக் குறிகள் இருந்தன. ஆடிக்கு வந்தவளுக்கு ஒரு குறியும் இல்லை. சித்தி தானே, “கல்யாணமானவன்னு போட்டுக்குங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். போகும்போது வளையம் சத்தமிட்டது. டீச்சர் என்ன குறி போட்டார் என்று எனக்குத் தெரியாது.

எனக்கு வேலை கிடைத்தது முண்டியம்பாக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். இன்றும் அங்கேதான் இருக்கிறேன், இரத்த வங்கியில். எனக்கு நாள் முழுக்கப் பிரிப்பதுதான் தொழில். ஒருவர் கொடுத்த இரத்தப் பையை மிஷினில் வைத்துச் சுழற்றி, சிவப்பணு தனி, பிளாஸ்மா தனி, தட்டணு தனி என்று எடுப்போம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயிருக்கு ஆகும். எந்தப் பையிலிருந்து வந்தது, எத்தனை மணிக்குப் பிரித்தது, யார் பிரித்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாமல் எங்கள் அறையில் எதுவும் எதிலிருந்தும் பிரியாது. இந்த ஒழுங்கைப் பார்த்த பிறகுதான் சித்தியின் கதை எனக்கு இன்னும் ஆத்திரமூட்டியது. அங்கே பிரித்தவர் யார்? எந்தப் பெயரை எழுதுவது? எத்தனை மணி என்று போடுவது?

ஆனால் எங்கள் அறையிலும் இன்னொரு விதமான பிரிவு உண்டு. பரிசோதனைக்கு எடுத்த இரத்தத்தை, உறையாமலிருக்க மருந்து போட்ட கண்ணாடிக் குழாயில் ஸ்டாண்டில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டால், திரும்பி வரும்போது அது தானாகவே பிரிந்திருக்கும். சிவப்பு அடியில் போய்ப் படிந்திருக்கும், மேலே மஞ்சளாகத் தண்ணீர் நிற்கும். மிஷின் வேண்டாம், ஆள் வேண்டாம், சும்மா விட்டாலே போதும். எடுத்து இரண்டு தரம் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் மறுபடி ஒன்றாகிவிடும். புதிதாகச் சேரும் பெண்களுக்கு இதைச் செய்து காட்டும்போதெல்லாம் மேம்பாலத்தடியில் சைக்கிளோடு நின்ற மாமா ஞாபகத்துக்கு வருவார். கவிழ்த்து நிமிர்த்த ஒரு கை போதுமாக இருந்தது. அத்தனை பெரியவர்கள் இருந்த இரண்டு வீடுகளில் அந்த ஒரு கை இல்லாமல் போயிற்று.

கடைசியில் வக்கீல் வீட்டு முன்னறையில் இரண்டு குடும்பங்களும் சந்தித்தன. சித்தப்பாவின் அம்மா வேறு பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று யாரோ வந்து சொல்லியிருந்தார்கள். “நம்மள வோணாம்னு அவங்க சொல்றதுக்கு முன்ன நாம சொல்லிடணும்,” என்று மாமா முந்திக்கொண்டார். இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிகிற மனு. அம்மாவோடு நானும் போயிருந்தேன். “எந்தத் தேதியிலேருந்து பிரிஞ்சி வாழறீங்க?” என்று வக்கீல் கேட்டார். மாமா யோசிக்காமல் ஆடி அழைப்புக்குப் போன நாளைச் சொன்னார். வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட நாள், தேங்காய்ப்பால் குடித்த நாள். அன்று முதல் கருத்து வேறுபாட்டால் தனித்தனியே வாழ்ந்து வருகிறார்கள் என்று டைப் ஆனது. அன்றைக்குச் சித்தப்பா இரண்டு தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டார் என்று எனக்கு ஞாபகம் இருந்தது. சட்டத்துக்கு அது தேவைப்படவில்லை.

படித்துக் காட்டி முடித்ததும் மாமா சும்மா இருக்காமல், “ஆவணியில வந்து கூப்புட்டுக்கினு போயிருந்தா இங்க வந்து நிக்க வோண்டியதே இல்ல,” என்றார்.

சித்தப்பாவின் அம்மா நிமிர்ந்தார். “நாங்க எதுக்குங்க வரணும்? எங்க பக்கம் பொண்ணூட்டுக்காரங்கதான் தட்டோட கொண்டாந்து உடுவாங்க. எனக்கும் என் அண்ணன்தான் கொண்டாந்து உட்டாரு. நாங்க பந்தல்கூட பிரிக்காம காத்துக்கினு இருந்தோம்.”

“எங்க பக்கம் மாப்ள ஊட்டுலேருந்துதான் வருவாங்க,” என்றார் மாமா. அவருடைய குரல் முதல் முறையாகக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவ்வளவுதான், தெரிந்துவிட்டது, எழுந்துவிடுவார்கள், சிரித்துவிடுவார்கள், காபி சொல்லுவார்கள் என்று நினைத்தேன். சித்தி தலையைத் தூக்கி எதிரில் இருந்தவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். ஒரு பெரியவர் வாயைத் திறந்திருந்தால் போதும். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, “இவ்ளோ தூரம் வந்தாச்சி. டைப்பும் அடிச்சாச்சி,” என்றார். அந்த அம்மாளும், “ஆமாங்க. இனிமே என்னா இருக்கு,” என்றார். மூன்று வருஷத்தில் அந்த இரண்டு வீடுகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். கையெழுத்துப் போட்டார்கள். அன்று நான் யாரோடும் பேசாமல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன். சித்தி அழவில்லை.

கோர்ட்டில் எல்லாம் முடிந்ததும் சீர்ப் பொருள்கள் சின்ன லாரியில் ஏறித் திண்டிவனம் வந்தன. கட்டில், பாத்திரங்கள், மிக்சி, கடைசியாகப் பீரோ. பூட்டு உடையவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. சித்தி இடுப்பிலிருந்து வளையத்தை எடுத்துத் திறந்தாள். மேல் தட்டில் அவளுடைய புடவைகள் இருந்தன. அதற்கு அடுத்த தட்டில் சித்தப்பாவின் கல்யாண வேட்டி, இரண்டு நல்ல சட்டைகள், ஒரு பிளாஸ்டிக் பையில் அவருடைய பத்தாவது மார்க் ஷீட்டும் ஐடிஐ சர்ட்டிபிகேட்டும். அந்த வருஷம் வயர்மேன் லைசென்ஸ் எடுக்கப் போகிறார் என்று கல்யாணத்தின்போதே பேச்சு. எடுக்கவில்லை. எப்படி எடுத்திருக்க முடியும்? “பீரோவுல…” என்று அன்றைக்கு அவர் எதை ஆரம்பித்தார் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. மாமா பெருந்தன்மையாக, “கேட்டிருந்தா குடுத்திருப்போமே,” என்றார்.

சித்தி பீரோவைப் பார்த்தபடியே சொன்னாள். “கேட்டுடுவாரோன்னுதான் நான் பயந்துக்கினே இருந்தேன். கேட்டா குடுத்துடணும். குடுத்துட்டா அவ்ளோதான்.” அவரும் அதனால்தான் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கடை வீதியில் ஒரு பூட்டுக்காரரைக் கூப்பிட்டிருந்தால் கால் மணி நேரத்தில் திறந்திருப்பார். சித்தப்பா கூப்பிடவில்லை. இப்படி ஒருத்தர் சாவியை வைத்துக்கொண்டும் ஒருத்தர் பூட்டை வைத்துக்கொண்டும் வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நாங்கள் அத்தனை பேரும் அவர்களைப் பிரிந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். சர்ட்டிபிகேட்டுகளை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். வேட்டியைச் சித்தி அனுப்பவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சித்தப்பா பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டார். ஸ்டேஷன் வழியில் அந்தக் கடை இன்னும் இருக்கிறது. சித்தி செய்துகொள்ளவில்லை. மாமாவுக்கு வயதானதும் மில் அவள் கைக்கு வந்தது, நன்றாகவே நடத்துகிறாள்.

என் கல்யாணத்துக்குப் பிறகு வந்த ஆவணியில் நான் யாரையும் கேட்காமல் முதல் தேதி காலையிலேயே மாமியார் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன். அடங்காதவள் என்று பெயர் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் எத்தனை தடவை பேசினாலும் சித்தி மாமாவைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு ஆறவே ஆறாது. “தப்பு எம்மேலதான்டி,” என்பாள். “சாவிய அங்கியே வெச்சிட்டு வந்திருந்தா, பொருளு தொறந்து கெடக்குதேன்னு நானே ஓடிப் போயிருப்பேன். பூட்டிட்டு வந்தனா, எல்லாம் பத்திரமா இருக்குதுன்னு நெனச்சிக்கினு ஒக்காந்துட்டேன்.” இத்தனை பேர் செய்த காரியத்துக்கு அவள் ஒரு சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேசிப் பார்த்துவிட்டு நானும் ஓய்ந்துபோனேன்.

போன வருஷம், சித்தி கல்யாணத்தின்போது சின்னப் பிள்ளையாக இருந்த மாமாவின் கடைசிப் பெண்ணை விக்கிரவாண்டியில் கொடுத்தார்கள். ஆடிக்கு அழைத்து வந்தார்கள். ஆவணி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தபோது நான் திண்டிவனம் போயிருந்தேன். மாமா அதே வெள்ளை வேட்டியோடு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பெண் செல்போனைப் பிடித்துக்கொண்டு மூலையில் இருந்தாள், முகம் வாடியிருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

“அவங்க பக்கம் என்ன வழக்கம்னு கேட்டீங்களா மாமா?”

“நாம எதுக்குக் கேக்கணும்? வரட்டும்.”

“சித்திக்கு நடந்தத மறந்துட்டீங்களா?”

“அது வேற, இது வேற,” என்றார்.

உள்ளேயிருந்து சாவிச் சத்தம் வந்தது, பின்னால் சித்தி வந்தாள். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. நேராக அந்தப் பெண்ணிடம் போய் நின்று, “உன் பீரோ சாவி எங்கடி இருக்கு?” என்று கேட்டாள்.

“ஹேண்ட்பேக்ல இருக்கு அத்தை. எடுத்துக்கினு வந்துட்டேன்.”

“எழுந்திரு. துணி எடுத்து வை.”

சித்தி உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். மாமா எழுந்து, “யாரும் வந்து கூப்புடாம எப்பிடி…” என்று ஆரம்பித்தார். “பெரியவங்க யாரும் வரலையான்னுதானண்ணா கேப்ப. நான் போறேன். எனக்கும் வயசு ஆயிடிச்சி,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. மாமா நின்றபடியே இருந்தார். பிறகு வழிவிட்டார். வழிவிடுவதற்கு அவருக்கு அவ்வளவு நேரம்தான் ஆயிற்று. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது.

மூன்று பேரும் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினோம். அவர்கள் விக்கிரவாண்டியில் இறங்க வேண்டும், நான் முண்டியம்பாக்கத்தில். கோர்ட் வேலை முடிந்த பிறகு சித்தி அந்த ரோட்டில் வந்ததே இல்லை. கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கியவள் மீதிச் சில்லறையை எண்ணாமல் கையில் வைத்துக்கொண்டு, “விழுப்புரத்துக்கு எவ்ளோ தம்பி?” என்று கேட்டாள். “விழுப்புரமா? எத்தினி பேரும்மா?” என்றார் அவர். “சும்மாதான் கேட்டேன்,” என்றாள். கூட்டேரிப்பட்டு தாண்டியது. மாமாவின் பெண் ஜன்னல் பக்கம் திரும்பி யாருக்கோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பஸ் குலுங்கிக்கொண்டே போயிற்று, ஆனால் சாவிச் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். சித்தி அந்த வளையத்தை இடுப்பிலிருந்து எடுத்து, சத்தம் வராதபடி இரண்டு கைக்குள்ளும் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள்.